தராசைப் பிடிப்பவர்க்குக் கூலி கொடுப்பவர் யார்?
இணைய விலை ஒப்பீட்டுத் தளங்களும் பயனீட்டாளர் நம்பிக்கையும்

விலை கேட்டு வாங்குதல் வாணிகத்தோடு பிறந்த வழக்கம். ஒரு கடையில் விலை கேட்டவர் அடுத்த கடையிலும் கேட்டுப் பார்த்து, எங்குக் குறைவோ அங்கு வாங்குவார். ஆயினும் இவ்வாறு கேட்டறிவதற்கும் ஒரு விலை உண்டு. நேரமும் நடையும் அலைச்சலுமே அவ்விலையாகும். இவ்வுண்மையைப் பொருளியல் நெறியில் தெளிவுற ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர். 1961ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரே பொருள் ஒரே ஊரில் பல விலைகளில் விற்கப்படுவதற்குக் காரணம், விலையைத் தேடி அறிவதற்கு ஆகும் செலவே என விளக்கிற்று. தேடும் செலவு மிகுந்தால் மக்கள் தேடுவதை விரைவில் நிறுத்திவிடுவர். அதனால் மிகுந்த விலைக்கு விற்பவரும் கடை நடத்த இயலும். பின்னர், 1982இல், ஸ்டிக்லர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இணையம் தோன்றியபோது இத்தேடும் செலவு அறவே நீங்கிவிடும் எனப் பலர் எண்ணினர். பல கடைகளின் விலைகளைத் திரட்டி ஒரே பட்டியலாகத் தரும் தளத்தையே விலை ஒப்பீட்டுத் தளம் என்பர். 1995இல் அமெரிக்காவில் ஆண்டர்சன் கன்சல்டிங் நிறுவனம் ‘பார்கன்ஃபைண்டர்’ என்னும் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. அஃது இசைக் குறுந்தட்டுகளின் விலைகளைப் பல இணையக் கடைகளில் தேடி ஒப்பிட்டுக் காட்டிற்று. சில கடைகள் அக்கருவி தம் தளத்துள் நுழையாவண்ணம் தடுத்துவிட்டன. விலை ஒப்பிடப்படுவதை விற்பவர் எல்லாரும் விரும்புவதில்லை என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

பயன் இல்லாமற் போகவில்லை

ஒப்பீட்டுத் தளங்களால் பயனே இல்லை என்று கூறுவது பொருந்தாது. ஜெஃப்ரி பிரவுன், ஆஸ்டன் கூல்ஸ்பி என்னும் இரு பொருளியலறிஞர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 1990களில் அமெரிக்கர் பலர் ஆயுள் காப்புறுதியின் விலைகளை இணையத்தில் ஒப்பிடத் தொடங்கிய பின், குறித்த கால ஆயுள் காப்புறுதியின் விலை 8 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது எனக் கணக்கிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பவர் பெருகினால், ஒப்பிடாமல் வாங்குபவர்க்கும் விலை குறையும். ஆகவே கேள்வி, ஒப்பிடலாமா வேண்டாமா என்பதன்று. ஒப்பிட்டுக் காட்டுபவரை எவ்வளவு நம்பலாம் என்பதேயாம்.

இலவசத் தராசு

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறுதல் தமிழ் மரபு. விலைப் பட்டியலைக் காணும் ஒருவர், அதனை ஒரு துலாக்கோலாகவே கருதுகின்றார். முதலில் நிற்பது சிறந்தது, இறுதியில் நிற்பது தாழ்ந்தது என அவர் மனம் தானே முடிவு செய்கின்றது. ஆனால் இத்துலாக்கோலைப் பயன்படுத்த அவர் ஒரு காசும் கொடுப்பதில்லை. பின் தளத்தை நடத்துவோர்க்கு வருவாய் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் விற்பவரிடமிருந்தே வருகின்றது. பயனீட்டாளர் பட்டியலில் ஒரு கடையின் பெயரை அழுத்தி அக்கடையின் தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், அக்கடை ஒரு கட்டணம் செலுத்தும். இதற்குச் சொடுக்குக் கட்டணம் என்று பெயர். வேறு சில தளங்கள், விற்பனை முடிந்தபின் தரகு பெறும்.

கூகிள் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அது 2002இல் ‘ஃப்ரூகிள்’ என்னும் பெயரில் பொருள்களைத் தேடித் தரும் சேவையைத் தொடங்கியபோது, கடைகள் தம் பொருள்களை அதில் இடம்பெறச் செய்யக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 2012இல் அமெரிக்காவில் அச்சேவை, பணம் கொடுத்த கடைகளின் பொருள்களையே காட்டும் முறைக்கு மாறிற்று. பயனீட்டாளர்க்கு இரண்டும் பட்டியலே. ஆயினும் முன்னது தேடலின் விளைவு, பின்னது விளம்பரம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு

கட்டணம் கொடுப்பவர் பக்கம் துலாக்கோல் சாய்ந்தால் என்ன நேரும் என்பதை ட்ரிவாகோ வழக்கு காட்டுகின்றது. ட்ரிவாகோ, தங்கும் விடுதிகளின் அறை வாடகையை ஒப்பிட்டுக் காட்டும் ஜெர்மானிய நிறுவனம். மிகக் குறைந்த வாடகையை எளிதில் கண்டறிய உதவுவதாக அந்நிறுவனம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில் விளம்பரம் செய்தது. ஆஸ்திரேலியப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2018இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், அந்நிறுவனம் பயனீட்டாளரைத் தவறான எண்ணங்கொள்ளச் செய்தது எனத் தீர்ப்பளித்தது.

வழக்கில் வெளிவந்த செய்திகள் கருதத்தக்கவை. எந்த வாடகையை முதன்மையாகக் காட்டுவது என்பதை முடிவு செய்த கணிப்பு முறை, முன்பதிவுத் தளங்கள் கொடுக்க இசைந்த சொடுக்குக் கட்டணத்துக்குப் பெரும் மதிப்பளித்தது. ஆராயப்பட்ட பட்டியல்களில் 66.8 விழுக்காட்டில், குறைந்த வாடகை வேறு இருக்கவும், மிகுந்த வாடகையே முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. மேலும், அடித்துக் காட்டப்பட்ட பழைய விலைக்கும் புதிய விலைக்கும் இடையே பெருஞ் சேமிப்பு இருப்பதுபோல் தோன்றினும், சில இடங்களில் அவ்விரண்டும் ஒரே வகை அறைக்கு உரியனவல்ல. சொகுசு அறையின் வாடகையை அடித்துவிட்டு அதனருகே சாதாரண அறையின் வாடகையைக் காட்டினால், எவர்க்கும் அது தள்ளுபடியாகவே தோன்றும்.

2022 ஏப்ரலில் அந்நிறுவனத்துக்கு 4 கோடியே 47 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. மிகக் குறைந்ததல்லாத வாடகைகளைப் பயனீட்டாளர் அழுத்தியதால் அந்நிறுவனம் பெற்ற கட்டணம் ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் வெள்ளி. பயனீட்டாளர் முன்பதிவுத் தளங்களுக்கு மிகையாகக் கொடுத்தது ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் வெள்ளி. ஒருவர்க்கு ஓர் இரவில் ஏற்பட்ட இழப்பு சிறிதாக இருக்கலாம். பலர் இழப்பு சேர்ந்தபோது அது மலையாயிற்று.

கண்ணுக்கு எட்டாத நான்காம் பக்கம்

துலாக்கோல்களுக்கிடையேயும் போட்டி உண்டு. 2006இல் இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்னும் தம்பதியர் ‘ஃபவுண்டம்’ என்னும் ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினர். கூகிளின் தேடல் முடிவுகளில் தம் தளம் மிகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது என அவர்கள் 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். வேறு நிறுவனங்களும் முறையிட்டன. ஆணையம் ஆராய்ந்து, கூகிள் தன் சொந்த ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்தும், போட்டித் தளங்களைக் கீழே இறக்கியும் காட்டியது எனக் கண்டு, 2017 ஜூனில் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது.

அவ்வாணையம் கூறிய ஒரு செய்தி எவரும் நினைவிற்கொள்ளத்தக்கது. போட்டித் தளங்களுள் மிகச் சிறந்த இடம் பெற்றதுகூடச் சராசரியாகத் தேடல் முடிவுகளின் நான்காம் பக்கத்திலேயே தோன்றிற்று. கணினியில் தேடுவோர் அழுத்துவனவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு முதற் பக்கத்துப் பத்து முடிவுகளுக்கே செல்கின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடே. அங்ஙனமாயின், நான்காம் பக்கத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றே. கூகிள் தொடுத்த மேல்முறையீட்டை 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

விற்பவரின் சூழ்ச்சி

துலாக்கோல் நேராக இருப்பினும், தட்டில் வைக்கப்படும் பொருளில் சூது இருக்கக்கூடும். ‘பிரைஸ்வாட்ச்’ என்னும் அமெரிக்கத் தளத்தைக் கிளென் எல்லிசன், சாரா எல்லிசன் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். விலை குறைந்த கடையை அத்தளம் முதலில் காட்டியதால், கடைக்காரர் சிலர் கணினி நினைவகத் தகடு ஒன்றின் விலையை ஒரு வெள்ளி எனக் குறித்து, அதனை அனுப்பும் கட்டணமாக 40 வெள்ளி கேட்டனர். பின்னர் அத்தளம் அனுப்பும் கட்டணத்துக்கு வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. ஒற்றை எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அவ்வெண்ணை மட்டும் குறைக்க வழி தேடுவர் என்பதே இதன் பாடம்.

பயனீட்டாளரும் இதனை ஒருவாறு உணர்ந்தே நடக்கின்றனர். எரிக் பிரின்யால்ஃப்சன், மைக்கேல் ஸ்மித் ஆகியோர் நூல் விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் செய்த ஆய்வு, பலர் மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்காமல், பெயர் பெற்ற கடைகளுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுக்கவும் முன்வந்தனர் எனக் காட்டிற்று. பொருள் வந்து சேருமோ, குறித்த நாளில் வருமோ என்னும் ஐயத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சட்டமும் பொதுத் துலாக்கோலும்

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய நெறிமுறை, 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்தது. தேடல் முடிவுகள் எவ்வளவைகளால் வரிசைப்படுத்தப்படுகின்றன என்பதையும், பணம் பெற்று உயர்த்தப்பட்டவை எவை என்பதையும் பயனீட்டாளர்க்கு வெளிப்படையாகக் கூறவேண்டும் என அது விதிக்கின்றது.

விற்பவரின் கட்டணத்தை நம்பாத துலாக்கோல்களை அமைப்பது மற்றொரு வழி. சிங்கப்பூரில் ஆயுள் காப்புறுதித் திட்டங்களை ஒப்பிட ‘கம்பேர்ஃபர்ஸ்ட்’ என்னும் தளம் 2015இல் தொடங்கப்பட்டது. அதனை அமைத்தவற்றுள் சிங்கப்பூர் நாணய வாரியமும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் உள்ளன. அச்சங்கமே 2019இல் அன்றாட மளிகைப் பொருள்களின் விலைகளை ஒப்பிட ‘பிரைஸ் காக்கி’ என்னும் செயலியை வெளியிட்டது. மலேசியாவில் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலர் திரட்டும் விலைகளை ‘பிரைஸ்கேட்சர்’ வழங்குகின்றது. இவற்றில் எல்லாப் பொருளும் இடம்பெறா. ஆயினும் முதலிடத்தை விலைக்கு வாங்கும் போட்டி இவற்றில் இல்லை.

எனவே, ஒப்பீட்டுத் தளத்தை நாடும் ஒருவர் நான்கு கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. இத்தளத்துக்குப் பணம் தருபவர் யார்? வரிசை விலையால் அமைந்ததா, கட்டணத்தால் அமைந்ததா? அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை எவ்வளவு? இப்பட்டியலில் இடம்பெறாத கடைகள் எவை? இவற்றை வகுப்பறையிலேயே பயிற்றலாம். ஒரே பொருளின் விலையை இரு தளங்களிலும் ஒரு பக்கத்துக் கடையிலும் கேட்டெழுதி வருமாறு மாணவர்க்குப் பணித்தால், கணக்கும் கற்பர், காசின் அருமையும் கற்பர். அதனோடு, முதலில் நிற்பதெல்லாம் முதன்மையானதன்று என்னும் தெளிவும் அவர்க்கு உண்டாகும்.