பழைய வண்டிக்கு வேற்று வண்டிப் பாகம்: பொருந்துமா? கட்டுப்படியாகுமா?

மளிகை வியாபாரத்தில் தராசுக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது இரு சக்கர வண்டி. மண்டியிலிருந்து சிப்பம் ஏற்றி வருவதற்கும், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் சரக்கு இறக்குவதற்கும் அதுவே நமக்குக் கால். புது வண்டி வாங்கினால் முதல் முடங்கிவிடும் என்பதால், கையிலிருக்கும் பழைய வண்டியையே சுமைக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பெருகியுள்ளது. ஷாக் அப்சர்பர் ஒரு வண்டியுடையது, பல்சக்கரம் மற்றொன்றுடையது, முன் விளக்கு இன்னொன்றுடையது என்று சேர்த்துப் பூட்டுகிறோம். முறையறிந்து செய்தால் இதில் நல்ல சிக்கனம் உண்டு. அறியாமல் செய்தால் பண நஷ்டத்தோடு போகாது. வண்டி ஓட்டும் கடைப் பையனின் உயிருக்கே ஆபத்து.

முதலில் அடக்க விலையைப் பார்ப்போம். பருப்பின் கொள்முதல் விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துத்தானே அடக்கம் போடுகிறோம்? வண்டிப் பாகத்துக்கும் அதே கணக்குதான். கணக்குக்காகச் சொல்கிறோம்: புது ஜோடி 1,800 ரூபாய், பழையது 700 ரூபாய் என்று வையுங்கள். பழையதற்கு லேத்தில் புஷ் கடைய 250, மாட்டுக்கூலி 300, பொருந்தாமல் மறுபடி கழற்றி மாட்ட 300 என்று ஆனால் அடக்கம் 1,550. அரை நாள் வண்டி நின்ற நஷ்டம் தனி. மிச்சம் எங்கே?

பாக எண்ணே சாட்சி

'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. இரண்டு மாடல்களின் பாகப் பட்டியலிலும் ஒரே பாக எண் இருந்தால் அதுதான் உறுதி. ஹீரோ ஹோண்டா வண்டிகளின் பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதையும், நடுவிலுள்ள குறியீடு அது முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் காட்டும். 1994இல் வந்த ஸ்பிளெண்டர், 2001இல் வந்த பேஷன் ஆகியவை ஒரே 97.2 சி.சி. எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே எஞ்சின் பாகங்கள் பலவும் இவற்றுக்குள் பொதுவானவை. ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாறுதல் உண்டு என்பதால் எண்ணை ஒப்பிடாமல் வாங்க வேண்டாம்.

அளந்து வாங்குக

எண் தெரியாத பழைய பாகத்துக்கு அளவுதான் துணை.

ஷாக் அப்சர்பர்: மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை அளக்க வேண்டும். புஷ்ஷின் உள்விட்டத்தையும் பார்க்க வேண்டும். நீளம் கூடினால் வண்டியின் பின்புறம் உயரும். ஹேண்டில் நிதானம் குறையும். சைடு ஸ்டாண்டில் வண்டி மிகவும் சாய்ந்து நிற்கும். கனமான வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டால் சுமையோடு நன்றாகப் போகும், காலியாக வரும்போது துள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. இரண்டையும் ஜோடியாக மாற்றுக.

செயினும் பல்சக்கரமும்: 428 என்று குறித்த செயினில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 12.7 மில்லி மீட்டர். 420 செயினிலும் இடைவெளி அதேதான். ஆனால் உள் அகலம் குறைவு. இடைவெளியை மட்டும் பார்த்து வாங்கியவர் இங்கேதான் ஏமாறுவார். பின் பல்சக்கரத்தை 42 பல்லிலிருந்து 44 பல்லாக்கினால் மேட்டில் இழுவை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் கூடும். அதே எஞ்சின் ஓட்டத்தில் வேகம் ஏறக்குறைய அவ்வளவே குறையும். சரக்கு வண்டிக்கு இது ஏற்ற மாற்றம்.

டயர்: 2.75-18 என்பதில் 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். 17 அங்குல டயர் அதில் ஏறாது. அகலமான டயர் போட்டால் சுமை ஏறும்போது மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு: 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும், 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்காமல் சூடேறும். காகிதப் பையும் எண்ணெய் டின்னும் ஏற்றும் வண்டியில் இது விளையாட்டல்ல. பழைய 6 வோல்ட் வண்டிகளுக்கு 12 வோல்ட் பல்பு மங்கலாகவே எரியும்.

பிரேக்: இதில் மட்டும் பழைய பாகமே வேண்டாம். டிரம்மின் உள்விட்டத்தைப் பார்த்து, அந்த மாடலுக்கு உரிய புது பிரேக் ஷூ வாங்குக. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளில் முன், பின் பிரேக்கை இணைத்துத் தர வேண்டும் என்ற விதி வந்தது. அத்தகைய வண்டியில் வேறு மாடல் முன் சக்கரத்தைப் பூட்டினால் அந்த இணைப்பு கெட்டுப்போகும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு உள்ளது. அதன் சென்சார்களை வேறு மாடலிலிருந்து எடுத்துப் பூட்டிச் சோதனை செய்யாதீர்கள்.

சட்டம் எங்கே குறுக்கிடும்?

தேய்ந்த பாகத்தை அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றுவது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே எஞ்சினை மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும். சேஸிஸை அறுத்து வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. விபத்து நேர்ந்தபின் வண்டியும் ஆர்.சி.யும் வெவ்வேறாக இருந்தால் இன்சூரன்ஸ் தகராறும் சேர்ந்துகொள்ளும்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகம் வாங்குவோர் கட்டாயம் பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். பில் இல்லாத சரக்கை மண்டியில் தொட மாட்டோம். இங்கே மட்டும் ஏன் தொட வேண்டும்?

மாற்றம் முடிந்ததும் காலியாக ஒரு முறையும், வழக்கமான சுமையோடு ஒரு முறையும் முதலாளியே வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாம் ஏறி ஓட்டத் துணியாத வண்டியைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளையிடம் கொடுப்பது வியாபார தர்மம் ஆகாது. பாகத்தில் சிக்கனம் பாருங்கள். பிரேக்கிலும் பில்லிலும் பார்க்காதீர்கள்.