ஆடுகளோடு வந்த மாட்டு நோய்

ரெய்னர்ஸ் லேன் புகையிரத நிலையம் 1906 இல் திறக்கப்பட்ட வேளையில் அதனைச் சுற்றியிருந்தவை வயல்களும் புல்வெளிகளுமே. வீடுகள் வரிசையாக எழுந்தது 1930 களில். எம்மவரின் கடைகள் வந்தது அதற்கும் வெகு பின்னர். இன்று இங்கு வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களிற் சிலவற்றுக்கேனும் வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரு மாட்டுப்பட்டி இருந்திருக்கும். 1987 இல் வடக்கு, கிழக்கின் பட்டிகளுக்குள் நுழைந்த நோயொன்று இன்று உலகிலேயே இல்லை. அது ஒழிந்த கதையில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கும் பங்குண்டு.

வெக்கை நோய், மாட்டுக் கொள்ளை நோய் எனப் பல பெயர்கள் அதற்கு. மனிதருக்கு வரும் சின்னமுத்துக் கிருமியின் நெருங்கிய உறவு அதன் கிருமி. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயிற் புண், பின்னர் ஓயாத கழிச்சல். நோயை முன்னர் அறியாத பட்டியாயின் பெரும்பாலானவை இரண்டொரு வாரத்துள் மடிந்துவிடும். 1865 இல் கப்பலில் வந்த மாடுகளால் இந்நோய் இலண்டனையும் தாக்கியது. பிரித்தானிய அரசின் கால்நடை மருத்துவச் சேவை தோன்றியதே அவ்வாண்டின் அழிவினால்தான்.

இலங்கை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நோயின்றி இருந்தது. 1987 இல் இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. படையினரின் உணவுக்கென உயிரோடு கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் கிருமியும் வந்தது என நோயின் வரலாற்றை எழுதிய கால்நடை மருத்துவர்கள் பதிந்துள்ளனர். அழைப்பின்றி வந்த விருந்தாளி, படை 1990 இல் திரும்பிய பின்னரும் திரும்பவில்லை. தடுப்பூசி மருந்து குளிரிலேயே வைக்கப்பட வேண்டியது. பாதைகள் மூடப்பட்டு, மின்சாரமும் அற்றுப்போன நிலத்தில் அதைப் பட்டிதோறும் கொண்டுசெல்வது எத்தகைய காரியம் என்பதை எம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1994 இல்.

இலங்கையிற் பிரித்தெடுக்கப்பட்ட அக்கிருமி சரே மாவட்டத்துப் பேர்பிரைட் கிராமத்து ஆய்வுகூடத்துக்கு வந்தது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து காரிற் சென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவு. அங்குள்ள ஆய்வாளர்கள் அக்கிருமி செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் எவ்வாறு பற்றுகின்றது, எவ்வாறு பரவுகின்றது எனச் சோதித்து, 1990 இல் முடிவுகளை வெளியிட்டனர். இது வெறும் ஏட்டுக்கல்வி அன்று. மாட்டைக் கொல்லும் கிருமியை ஆடு இலேசாகத் தாங்கிக்கொள்ளக்கூடும். நலமாகத் தோன்றும் ஆட்டை எந்தக் காவலரணிலும் எவரும் மறிப்பதில்லை.

இதே ஆடுதான் முன்னொரு காலத்தில் மருந்தையும் தந்தது. 1920 களில் இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக்கினார். 1960 அளவில் கென்யாவில் வால்ட்டர் புளோரைட் கன்றின் சிறுநீரகக் கலங்களில் கிருமியை வளர்த்து அதனினும் சிறந்த ஊசியை உருவாக்கினார். ஒருமுறை ஏற்றினால் ஆயுட்காலக் காப்பு. பேர்பிரைட்டில் உருவான இரத்தப் பரிசோதனை, காப்புப் பெற்ற பட்டி எது, பெறாதது எது எனக் காட்டியது. இந்தியாவில் இறுதி நோய் 1995 இல் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும், உலகின் இறுதி நோய் 2001 இல் கென்யாவின் காட்டெருமைகளிலும் காணப்பட்டன. 2011 இல் நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இது.

கிருமி அத்துடன் மறையவில்லை. சில ஆய்வுகூடங்களின் குளிர்ப்பெட்டிகளில் எஞ்சியிருந்தது. 2007 இல் பேர்பிரைட் வளாகத்திலிருந்தே கால்வாய் நோய்க் கிருமி கசிந்து சரே பண்ணைகளைத் தாக்கியது. பழுதான வடிகாற் குழாய்களையே விசாரணையாளர் சுட்டினர். ஆகவே 2019 இல் அந்நிறுவனம் தன்னிடமிருந்த வெக்கைக் கிருமியின் 3,000 இற்கு மேற்பட்ட குப்பிகளை, மரபணு விபரங்களைப் பதிந்துகொண்டு, அழித்தமை சரியான செயல் என்பதே எமது கருத்து.

ஆட்டினத்தைக் கொல்லும் உறவுக்கிருமி ஒன்று இன்னும் உண்டு: ஆட்டுக் கொல்லி நோய். இந்தியாவில் அது முதன்முதலாக இனங்காணப்பட்டதும் அதே 1987 இல், தமிழ்நாட்டில் விழுப்புரத்தை அடுத்த அரசூரில். 2030 இற்குள் அதனை ஒழிப்பதென 2015 இல் உலக நிறுவனங்கள் இலக்கு வைத்துள்ளன. ஊரிலிருந்து திரும்புவோரின் பெட்டிகளில் இறைச்சி வற்றலும் பாற்பண்டங்களும் ஹீத்ரோவிற் பறிக்கப்படும்போது மனம் நோகத்தான் செய்கின்றது. ஆயினும் 2001 இல் கால்வாய் நோயால் இந்நாட்டில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன என்பதைச் சுங்க அதிகாரிகள் மறக்கவில்லை.