பக்குவத்துக்கும் காப்புரிமை உண்டா?

இட்ரியம், பேரியம், தாமிரம் ஆகியவற்றின் ஆக்ஸைடான ஒரு கறுப்புப் பீங்கான், குளிர்விக்கையில், திரவ நைட்ரஜனின் கொதிநிலையாகிய 77 கெல்வினுக்கு இறங்குமுன்பே, ஏறத்தாழ 93 கெல்வினில் மின்தடையை அறவே இழந்து மீக்கடத்தியாகிவிடுகிறது என்று பால் சூ, மா-க்வென் வூ ஆகியோரின் குழுக்கள் 1987-இல் அமெரிக்காவில் அறிவித்த நாள்முதல், அப்பொருளை மெல்லிய படலமாகப் படியவைக்கும் உபாயங்களுக்குக் காப்புரிமை தேடுவோரும், அதை மறுப்போரும் பெருகினர். மறுப்போரின் பிரதான வாதம், இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவனுக்கே இது தோன்றியிருக்குமே, இதில் புதுப்புனைவு எங்கே என்பது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு 1952 முதல் அதற்கு இடங்கொடுத்திருக்கிறது.

வாதத்தின் பலத்தை அறிய ஆய்வுக்கூடத்துக்குள் சற்று எட்டிப்பார்க்கவேண்டும். பெல்கோர் நிறுவனத்தில் வெங்கடேசனும் அவருடைய சகாக்களும் அதே ஆண்டில் கையாண்ட முறையில், லேசர் துடிப்பு பட்டதும் மூலக்கட்டியின் மேற்பரப்பு ஆவியாகிச் சீறிப் பாய்ந்து, எதிரே வைத்த தகட்டில் படிகிறது. இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, தாமிரம் மூன்று என்ற விகிதமும் பெரும்பாலும் பிசகாமல் வந்துசேருகிறது. ஆனால், விகிதம் சரியாய் அமைந்துங்கூட, பிராணவாயு போதிய அளவு தங்காவிடில் மீக்கடத்தும் குணம் வருவதில்லை. ஆதலால் தகட்டின் உஷ்ணம், அறையின் வாயு அழுத்தம், ஆறவிடும் விதம் என்று ஒவ்வொன்றும் விண்ணப்பத்தில் ஏறி உட்காருகிறது.

இங்கே ஒரு பழைய தீர்ப்பு குறுக்கிடுகிறது. ஃபீனால் தயாரிப்பைப் பற்றிய ஆலர் வழக்கில், முன்னோர் 100 டிகிரி உஷ்ணத்திலும் 10 சதவீத அமிலத்திலும் செய்ததை, 40 முதல் 80 டிகிரியிலும் 25 முதல் 70 சதவீத அமிலத்திலும் செய்தவருக்கு 1955-இல் உரிமை மறுத்த நீதிமன்றம், பொது நிலைமைகள் தெரிந்திருக்கையில் உகந்த அளவை வழக்கமான சோதனையால் காண்பது புதுப்புனைவாகாது என்றது. 2007-இல் கே.எஸ்.ஆர். வழக்கில் உச்ச நீதிமன்றமோ, வழிகள் சிலவாகவும் விளைவு ஊகிக்கத்தக்கதாகவும் இருந்தால், முயன்றுபார்க்கத் தோன்றுவதையே வெளிப்படையெனக் கொள்ளலாம் என்று கதவை இன்னும் சற்று இறுக்கியது.

விளைவு ஊகிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்ற அந்த நிபந்தனையில்தான் மீக்கடத்திக்காரர்களுக்கு உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அடுத்தடுத்த பளிங்குக் குருணைகள் சில பாகை திரும்பி நின்றாலே மின்னோட்டம் வெகுவாகக் குன்றும் என்று 1988-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் காட்டினர். அக்குருணைகளை ஒரே முகமாய் அணிவகுக்க, உலோக நாடாவின்மேல் இடையடுக்குகளைப் படியவைத்தவர்களின் உழைப்பைக் குறித்து, முடிந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு இதென்ன பிரமாதம் என்று கேட்பது எவருக்கும் எளிது. விண்ணப்பதாரர் தாம் கோரிய அளவெல்லைக்கு உள்ளும் வெளியிலும் படியவைத்த படலங்களை அருகருகே வைத்து, வித்தியாசம் படிப்படியாக ஏறியதன்று, எவரும் எதிர்பாராதபடி பாய்ந்தது என்று காட்டினால் காப்புரிமைப் பரிசோதகர் இறங்கிவருவதுண்டு. பத்து டிகிரி கூட்டியதால் சற்றே நல்ல படலம் கிடைத்தது என்று மட்டும் சொன்னால், ஆலர் தீர்ப்பையே எடுத்து நீட்டுவார்.