மூன்று குழந்தைகள், ஒற்றை அறை: குடித்தனக்காரர் அறிய வேண்டியவை

ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் வசித்தால் அதை இடநெருக்கடி என்று ஐ.நா. வாழ்விட அமைப்பு கணக்கிடுகிறது. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள் என ஐந்து பேர் ஒற்றை அறை வீட்டில் பால் காய்ச்சிய அன்றே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்கள். இது ஏதோ சிலருடைய நிலை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. சென்னையின் லைன் வீடுகள், வாரியக் குடியிருப்புகள், திருப்பூரின் தொழிலாளர் குடித்தனங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு ஓர் அடிமட்ட அளவு வைத்திருக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 102 சதுர அடிக்குக் குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டராவது இருக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் சன்னல் முதலிய திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வீடு பார்க்கப் போகும்போது சதுர அடியை விசாரிப்பவர்கள் சன்னலை விசாரிப்பதில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை சன்னல்தான் முதலில் பார்க்க வேண்டியது. வேறு வேறு சுவர்களில் இரண்டு திறப்புகள் உள்ள சிறிய அறை, ஒரே பக்கம் கதவு மட்டுமுள்ள பெரிய அறையைவிடப் பல மடங்கு நல்லது.

இடம் போதாமல் இருப்பது பெற்றோரின் குற்றமன்று. வாடகையும் கூலியும் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது. ஆனால் அந்த இடத்துக்குள் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை, தடுக்கக்கூடியவை. அதே போல், அந்த இடத்தின் மீது குடும்பத்துக்கு உள்ள உரிமைகளும் பலர் நினைப்பதைவிட அதிகம்.

வாடகை வீட்டில் சட்டம் என்ன சொல்கிறது

மூன்று குழந்தைகள் என்றதும் வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் ஏராளம். இப்படி மறுப்பதைத் தடுக்கும் தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இது பெரிய குறை. சரிசெய்யப்பட வேண்டிய குறை. ஆனால் குடியேறிய பிறகு நிலைமை வேறு. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. இன்னொரு குழந்தை பிறந்தது அதில் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று வாய்மொழியாக மிரட்டிப் பொருள்களை வெளியே வைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. காலி செய்ய வைக்க வேண்டுமானால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பயனுள்ள பகுதி, அத்தியாவசிய வசதிகளைப் பற்றியது. தண்ணீர், மின்சாரம், பொதுவழி விளக்கு, கழிவறை, துப்புரவு ஆகியவற்றை நிறுத்தி வாடகைதாரரை நெருக்கக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் மோட்டார் சுவிட்சைப் பூட்டி வைப்பது சட்டப்படி சரியன்று. அப்படி நடந்தால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். விசாரணை முடிவதற்கு முன்பே வசதியைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

அட்வான்ஸ் தொகைக்குச் சட்டம் வைத்திருக்கும் பொது அளவு மூன்று மாத வாடகை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே செல்லும். எனவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியப்பட வேண்டும். கொடுக்கும் வாடகைக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது கேட்டால் ஓனர் முகம் சுளிப்பாரே என்று தயங்குகிறவர்கள், வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசி வழியாகவோ வாடகையைச் செலுத்தினால் தடயம் தானே நிற்கும்.

பழுது யார் பார்ப்பது என்பதிலும் குழப்பம் தேவையில்லை. கட்டட அமைப்பில் உள்ள பழுது, வெள்ளையடிப்பு, மின்கம்பித் தடம், குழாய்த்தடம் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுவதும், சுவரில் மின்கசிவு இருப்பதும் சில்லறைப் பழுதுகள் அல்ல. அவற்றை எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குறுஞ்செய்திகூட ஆதாரம்தான்.

தரையில் தூங்கும் பிள்ளைகளும் சமையல் வாயுவும்

ஒற்றை அறை வீட்டில் அடுப்பும் பாயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையை ஒட்டிப் பரவித் தேங்கும். தரையில் படுத்திருக்கும் பிள்ளைகள்தான் அதற்குள் முதலில் சிக்குவார்கள். ஆகவே இரவு படுப்பதற்கு முன் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரின் ரெகுலேட்டரையே மூட வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தபடி, அடுப்பைவிடத் தாழ்வான மட்டத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கொண்ட ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். வாடை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி, அங்கிருந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு, சமையல் வாயு விபத்தில் பாதிக்கப்படும் வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் பொருந்தும். இதற்குக் குடும்பம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. ஆனால் பொருட்சேதத்துக்கான இழப்பீடு, இணைப்பு பதிவாகியுள்ள முகவரியில் நேர்ந்த விபத்துக்குத்தான். அடிக்கடி வீடு மாறும் குடித்தனக்காரர்கள் இணைப்பின் முகவரியை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விபத்து நேரும்போது இதனால் உரிமை கைநழுவுகிறது. வீடு மாறிய வாரமே ஏஜென்சியில் முகவரியை மாற்றிவிட வேண்டும்.

இடம் இல்லாததால் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. அடுக்குகிற இடம்தான் கவனிக்க வேண்டியது. மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரையொட்டி அரிசி டிரம், பழைய ஸ்டூல், துணி மூட்டை வைத்தால் அது குழந்தைக்கு ஏணியாகிவிடும். சுவர் உயரம் ஒரு மீட்டராக இருந்தும் குழந்தைகள் விழுவது இப்படித்தான். சன்னலுக்குக் கீழே கட்டில் போடுவதும் இதே தவறு. கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலையோ கூடுதல் கம்பியோ போட வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி, பீரோ ஆகியவற்றைச் சுவரோடு பிணைத்துவிட்டால் பிள்ளைகள் இழுத்துச் சாய்க்க முடியாது.

தூளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடம் குறைந்த வீட்டில் தூளியைப் போல் உதவும் பொருள் இன்னொன்று இல்லை. கைக்குழந்தைக்கு அது தொட்டில். ஆனால் அதில் விளையாடும் ஏழெட்டு வயது அக்காளுக்கோ அண்ணனுக்கோ அது சுருக்காக மாறக்கூடும். புடவையைச் சுற்றி முறுக்கி ஆடும்போது கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தையை எடுத்ததும் புடவையை அவிழ்த்துவிட வேண்டும், அல்லது எட்டாத உயரத்தில் முடிச்சிட்டு வைக்க வேண்டும். இரவில் வரிசையாகப் படுக்கும்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அண்ணன் அக்காளுக்கு நடுவே கிடத்தக் கூடாது. தாயின் பக்கத்தில், தனி விரிப்பில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியிலும் அண்டாவிலும் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே தவழும் குழந்தை மூழ்கிவிடும். மூடி போட்டு வைத்தால் இந்த ஆபத்தும் டெங்குக் கொசுவும் சேர்ந்தே தடுபடும். கழிவறை ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய் நிலைமையை மோசமாக்கும்.

ஒரே காற்றைச் சுவாசிப்பவர்கள்

நெருக்கமான வீட்டில் ஒருவருக்கு வந்த நோய் எல்லோரையும் தொட்டுவிடும். சொறி சிரங்குக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டு, படுக்கைத் துணிகளையும் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் மூட்டு வீங்கினால் அலட்சியம் கூடாது. கவனிக்காவிட்டால் இதய வால்வைப் பழுதாக்கும் கீல்வாதக் காய்ச்சலாக அது இருக்கலாம்.

காசநோய்க்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், உடன் வசிக்கும் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லாத சிறு குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தும் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். சிகிச்சை பெறுபவருக்கு ஊட்டச்சத்துக்காக வழங்கப்பட்ட மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. தனி அறை கொடுக்க வழியில்லாத வீட்டில் நோயாளி சன்னலோரம் படுக்கலாம், முகக்கவசம் அணியலாம், சன்னலைத் திறந்தே வைக்கலாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் பயனில்லை; காசநோய் பாத்திரத்தால் பரவுவதில்லை. அப்படி ஒதுக்குவது நோயாளியின் மனத்தைத்தான் நோகடிக்கும்.

மூன்றாவது குழந்தைக்கு எது உண்டு, எது இல்லை

சில திட்டங்கள் இரண்டு குழந்தைகளோடு நின்றுவிடுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கே. இதை வைத்துக்கொண்டு, மூன்றாவது பிள்ளைக்கு அரசிடம் எதுவுமே கிடைக்காது என்று நம்பித் தாய்மார் சுகாதார நிலையத்துக்கே போகாமல் இருப்பது பெரும் இழப்பு. அரசு மருத்துவமனையில் இலவசப் பிரசவம், தடுப்பூசிகள், அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஊட்டச்சத்து ஆகியவை எத்தனையாவது குழந்தை என்ற கேள்வி இல்லாமல் கிடைக்க வேண்டியவை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்து, குடும்ப அட்டையிலும் பெயர் சேர்க்க வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்க்கு மூன்றாவது பிரசவத்திலும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் வகுத்த அளவு, இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு 12 வாரம்; அதற்குக் குறைவாக இருப்பவருக்கு 26 வாரம். அரசுப் பணியில் விதிகள் வேறு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கான விடுப்பு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைக் காட்டி மறுக்கப்பட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றும் கூறியது.

பள்ளியும் வளரும் பருவமும்

வீடு மாறும்போது படிப்பு அறுந்துபோவது மற்றொரு ஆபத்து. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இதற்குக் காப்பு தருகிறது. ஆண்டின் நடுவில் வந்தாலும், மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ கையில் இல்லாவிட்டாலும், சேர்க்கையை மறுக்க முடியாது. வீட்டில் மேசை போட இடமில்லாத பிள்ளைக்குப் படிக்க ஒரு பொது இடம் வேண்டும். 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் தொடங்கிய முதல்வர் படைப்பகம் போன்ற கூடங்களும் கிளை நூலகங்களும் ஒவ்வொரு வாரியக் குடியிருப்பின் நடை தூரத்திலும் இருக்க வேண்டும். குடியிருப்போர் இதைக் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு உடை மாற்ற மறைவு வேண்டும். கொடியில் ஒரு திரை கட்டினால் அது கிடைத்துவிடும். உறவினர் வந்து தங்கும் இரவுகளில் பிள்ளைகள் யாருக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பிள்ளை இன்னாரின் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றால், அதட்டாமல் காரணம் கேட்க வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம். போக்சோ சட்டப்படி புகாரை வாங்கப் போலீஸ் மறுக்கக் கூடாது.

இந்த உரிமைகளில் எது மறுக்கப்பட்டாலும் வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வீட்டுத் தாய் தன் பெயரிலேயே மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.