கம்பெனிகளைக் கைப்பற்றும் முயற்சியும் தற்காப்பும்

நிர்வாகத்தின் எதிர்ப்பை மீறி, ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து ஆதிக்கம் பெற முயல்வது தொழில் உலகில் புதிதன்று.

1983-ல் பிரிட்டனில் வாழ்ந்த தொழிலதிபர் சுவராஜ் பால், எஸ்கார்ட்ஸ், டி.சி.எம். ஆகிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார். நிர்வாகக் குடும்பங்களிடம் இருந்த பங்குகளோ சொற்பமே. ஆகவே, பங்கு மாற்றத்தைப் பதிவு செய்ய இயக்குநர் குழுக்கள் மறுத்தன. எஸ்கார்ட்ஸ் நீதிமன்றத்தையும் நாடியது. ஆனால் அதன் பங்குகளில் பாதிக்கு மேல் பொதுத்துறை நிதி நிறுவனங்களிடம் இருந்தன. இயக்குநர்கள் சிலரை நீக்கப் பொதுக்கூட்டம் கூட்டுமாறு ஆயுள் காப்பீட்டுக் கழகம் கோரியது. அவ்வாறு கோருவது பங்குதாரரின் உரிமை என உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்பளித்தது. எனினும், பால் தமது முயற்சியைக் கைவிட்டார்.

பதிவு மறுப்பு என்னும் அரண் பின்னர் தளர்ந்தது. செபியின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, 25 சதவீத வாக்குரிமையை எட்டுபவர் ஏனைய பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது 26 சதவீதப் பங்குகளை வாங்க முன்வர வேண்டும். அக்காலத்தில், பங்குதாரரின் சிறப்புத் தீர்மானமின்றி, வழக்கமான வணிகத்திற்குப் புறம்பாக முக்கியச் சொத்துகளை விற்றுத் தற்காத்துக்கொள்ள இயக்குநர் குழுவுக்கு இயலாது.

எஞ்சும் வழிகள் சிலவே: சொந்தப் பங்கை உயர்த்துதல், நட்புக் கம்பெனியைப் போட்டி விலை கூறச் செய்தல். இவற்றினும் உறுதியான அரண், பங்குதாரரின் நம்பிக்கையே.