ஒளியும் பொருளும் கலக்கும் கம்பி

பௌதிக நூலில் ஒளி ஓர் அதிகாரம். பொருளின் அமைப்பு மற்றோர் அதிகாரம். பொருளின்மீது பட்ட ஒளி மீளும், ஊடுருவும், அல்லது உட்கவரப்படும் என்றே நானும் பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன். அது பிழையன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று. ஒளி எது, பொருள் எது என்று பிரித்துரைக்க இயலாத நிலையும் ஒன்று உண்டு.

இதனை அறிய, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நாற்காலிகளுக்கிடையே ஒரு கயிற்றைக் கட்டி, சம நீளமுள்ள இரண்டு ஊசல்களை அதில் தொங்கவிடுங்கள். ஒன்றை ஆட்டினால், சிறிது நேரத்தில் அது ஓய, மற்றது ஆடும். பின்னர் ஆட்டம் முதலாவதற்கே திரும்பும். தனித்தனியே ஒரே அதிர்வெண் கொண்டிருந்த ஊசல்கள், இணைந்தபின் இரண்டு அதிர்வெண்களைப் பெறுகின்றன. அவற்றை எண்ணெயில் மூழ்கி ஆடவிட்டாலோ, ஆட்டம் கைமாறுமுன் அடங்கிவிடும். இழப்பினும் பரிமாற்றம் விரைந்து நிகழ்வதையே வலுவான பிணைப்பு என்கிறோம்.

ஓர் ஊசல் ஒளி என்று கொள்வோம். மற்றொன்று, துத்தநாக ஆக்ஸைடு என்னும் குறைகடத்தியில் எழும் கிளர்ச்சி. ஒளியை உட்கொண்ட எலெக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்கு எழுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நேர்மின்துகள் போல் நடந்து அதனைக் கவர்கிறது. இவ்விணையின் பெயர் எக்ஸிட்டான். இணை கூடி அழியும்போது ஒளி பிறக்கிறது. அவ்வொளி வெளியே ஓடாதிருந்தால்தான் மீண்டும் எக்ஸிட்டானாக மாறமுடியும்.

ஒளியைச் சிறைப்படுத்தவே நுண்கம்பி உதவுகிறது. சில மைக்ரான் பருமனே உள்ள அதன் குறுக்குவெட்டு, ஓர் அறுகோணம். துத்தநாக ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2. ஆகவே மாறுநிலைக் கோணம் சுமார் 30 பாகை. அறுகோணத்தைச் சுற்றிவரும் ஒளியோ ஒவ்வொரு முகத்திலும் 60 பாகைக் கோணத்தில் விழுகிறது. எனவே முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து உள்ளேயே வலம் வருகிறது. லண்டன் தூய பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில், மெல்லப் பேசிய சொல் சுவரைத் தழுவிச் சென்று எதிர்ப்புறத்தே கேட்பதும் இதனையொத்ததே. அம்மாடத்தில் 1921இல் நம் சி. வி. ராமன் சோதனைகள் செய்தார்.

சுற்றிவரும் ஒளியும் எக்ஸிட்டானும் இடைவிடாது ஒன்று மற்றொன்றாக மாற, இரண்டின் இயல்பும் கலந்த போலாரிட்டான் தோன்றுகிறது. ஊசல்களைப்போலவே இங்கும் ஓர் ஆற்றல்நிலை இரண்டாகப் பிளக்கிறது, அப்பிளவே சான்று. குறைகடத்தி நுண்குழிகளில் இதனை 1992இல் வைஸ்பூக் குழுவினர் கண்டனர். அவர்கள் கையாண்ட காலியம் ஆர்சினைடு வகைப் பொருள்களில் எக்ஸிட்டானின் பிணைப்பு தளர்வானது. சாதாரண அறையின் வெப்பமே அதனைக் குலைக்கக்கூடும். அவ்வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 25 மில்லி எலெக்ட்ரான்-வோல்ட். துத்தநாக ஆக்ஸைடில் பிணைப்பாற்றலோ சுமார் 60. ஆதலால் அதன் கம்பிகளில் அறை வெப்பநிலையிலேயே போலாரிட்டான்கள் நிலைக்கின்றன. ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் 2008இல் இதனை நேரே கண்டு அறிவித்தனர்.

இதனால் பயன் என்ன? இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கிட்டால், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் கடந்துசெல்லும். போலாரிட்டான்களோ தம்முள் இருக்கும் பொருட்பங்கினால் ஒன்றையொன்று உந்துகின்றன. ஆகவே ஒளியைக் கொண்டே ஒளியை ஆளலாம், குறைந்த ஆற்றலில் லேசர் ஒளி பெறலாம் என்னும் நம்பிக்கையோடு ஆய்வு நடைபெறுகிறது.

நூலின் அதிகாரங்கள் நாம் கற்பதன் பொருட்டு வகுத்தவை. இயற்கை அவ்வாறு வகுத்துக்கொள்ளவில்லை. இன்று மாலை அந்த ஊசல்களைக் கட்டிப் பாருங்கள்.