துணி கட்டிய பழம்

எங்கள் அம்மாச்சி தக்காளி விதையைக் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. தேனிப் பக்கம் வீடு. கொல்லையில், கிணற்றடி ஈரத்தில் பத்துச் செடி எப்போதும் நிற்கும். நோயில்லாமல், நிறையக் காய்க்கிற செடியாகப் பார்த்து ஒரு பழத்தில் துணி கட்டிவிடும். ‘அதுல மட்டும் கை வச்சிராதீங்க’ என்று எங்களுக்கு உத்தரவு. பழம் நன்றாகக் கனிந்து தளர்ந்ததும் பிதுக்கி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, வறட்டியில் அப்பிக் காயவைத்துவிடும். அடுத்த விதைப்புக்கு வறட்டியை உடைத்தால் போதும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்பிடிப்பது. அதனால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பழம் தட்டையாக, பக்கத்தில் மடிப்பு விழுந்து, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல் இருக்கும். மெல்லிய தோல், நல்ல புளிப்பு. ரசத்துக்குப் பாதிப் புளி போட்டால் போதும். இரண்டு நாள் வைத்தால் கசிந்துவிடும்.

அந்த வட்டாரத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்துதான் சடுதிமாற்றம் மூலம் பி.கே.எம். 1 ரகத்தைப் பெரியகுளத்தில் உருவாக்கி, 1978-ல் வெளியிட்டார்கள். அதிலும் காம்படிப் பச்சை உண்டு. பிறகு வந்த ஹைப்ரிட் பழங்கள் பலவற்றில் அது இல்லை. உருண்டை, தடித்த தோல், லாரிப் பயணம் தாங்கும், ஒரே சீராகச் சிவக்கும். சீராகச் சிவக்கவைக்கும் அந்த மரபணு மாற்றம் காயில் பச்சையத்தையும், அதோடு பழத்தின் சர்க்கரையையும் குறைக்கிறது என்று 2012-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. படித்தபோது அம்மாச்சி வீட்டு ரசம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது எனக்கு மொட்டைமாடியில் எட்டுப் பைகள். கடையில் விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். ‘எஃப்1’ என்று இருந்தால் அது ஹைப்ரிட்; அதன் விதையை எடுத்துவைத்துப் பயனில்லை; அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். ஆனாலும் ஹைப்ரிட்டை ஒதுக்க எனக்கு மனமில்லை. போன வருடம் வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பியதில் நாட்டுச் செடி ஆறும் முடங்கிப்போயின. பூ இருந்தது, காய் இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்க வளர்த்த ஹைப்ரிட். அதில் இரண்டு பை போட்டிருக்கிறேன். மீதி ஆறும் பி.கே.எம். 1. அதன் விதையை எடுத்துவைக்கலாம்.

அடுக்குமாடியில் சாம்பலும் இல்லை, வறட்டியும் இல்லை. விதையைச் சாறோடு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவைக்கிறேன். வழுவழுப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்குகிறது. மிதப்பதைக் கொட்டிவிட்டு, தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் காயவைக்கிறேன். மூன்றாவது பையில் ஒரு பழத்துக்கு இன்று காலைதான் துணி கட்டினேன்.